இல்லை, இல்லை, ஆமாம்

காலை ஒன்பதே முக்கால். இன்னும் இருட்டு.
ஜூன் மாதப் புன்தா அரேனாஸில்
சூரியனும் என்னைப் போலத்தான்,
மூட்டு இளகி எழுந்துவர நேரமாகும்.

அடுப்பில் கெட்டில்.
அதன் வயிற்றோரம் என் கைகள், இருபது நிமிடம்.
நொல்பெர்தோ வானொலியில்
ஜலசந்தியின் அலை உயரம் கேட்கிறான்.
நான் சுட்டுவிரலிடம் கேட்கிறேன்
இன்று எவ்வளவு மடங்குவாய் என்று.
இரண்டிடமும் ஒரே பதில்: படகு இறக்காதே.

பத்தொன்பது வருடம் தொழிற்சாலையில்
ஐஸ் தண்ணீரில் நண்டு உரித்தேன்.
உன் விரலெல்லாம் நண்டுக்கால் ஆகிவிட்டது
என்கிறாள் நாத்தனார்.
அவளுக்கு நண்டு தெரியாது.
நண்டுக்கால் மடங்கும்.

பல்லைக் கடித்துக்கொண்டு இரு, ஓர்தென்சியா,
என்கிறார்கள். இருக்கலாம்.
கடிக்கப் பல் வேண்டும்.
பல்லுக்கு பிரஷ் வேண்டும்.
பிரஷைப் பிடிக்கக்
கட்டைவிரல் ஒப்புக்கொள்ள வேண்டும்.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று
முதலில் சொன்னவர்
சாப்பாட்டைச் சொல்லியிருக்க மாட்டார்.
இதேபோல் ஒரு கண்ணாடி முன்னால்
நின்றிருப்பார்.

பற்பசை மூடியை மார்ச்சிலேயே தூக்கி எறிந்தேன்.
ட்யூபை பேசின் விளிம்பில் படுக்கவைத்து
முழங்கையால் ஓர் அழுத்து.
சில நாள் பட்டாணி அளவு.
சில நாள் கண்ணாடிவரை பாய்ந்து
என் நெற்றிக்கு நேரே ஒட்டிக்கொள்ளும்.

பல் டாக்டர் கத்ரிலேயோ, சின்னப் பெண்.
கீழே, இடது, கடைசி.
அந்தப் பக்கம் நீங்கள் போவதே இல்லையா?
சம்பந்தி வீட்டுக்குப் போகாதவளைக்
கேட்பதுபோல் கேட்டாள்.
போகிறேன் என்று பொய் சொன்னேன்.
வாயைத் திறந்துகொண்டு பொய் சொல்வது சுலபம்.
உண்மைக்கும் பொய்க்கும் ஒரே ஆ.

பிறகு உருளைக்கிழங்கு.
சிரிக்காதீர்கள். நடுவில் துளையிட்டு
பிரஷின் வாலைச் செருகினால்
உள்ளங்கை நிறையப் பிடி.
நான்கு நாள் நன்றாகத்தான் போனது.
ஐந்தாம் நாள் முளைவிட்டது.

நொல்பெர்தோ சைக்கிள் கடையிலிருந்து
ஹேண்டில்பார் ரப்பர் ஒன்று வாங்கிவந்தான், பச்சை.
அது முளைக்காது.
ஆனாலும் கை ஆட வேண்டுமே,
மணிக்கட்டு கதவடைத்துக்கொண்டது.
கொடு, நான் தேய்க்கிறேன் என்றான் ஒருநாள்.
படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவன்,
நாக்கைத் துருத்திக்கொண்டு
வெளிப்பக்கம் மட்டும் இரண்டு கோட் அடித்தான்.
நான் சிரித்துவிட்டேன்.
அவன் ஸ்வெட்டரெல்லாம் நுரை.
இனி வேண்டாம் என்றேன்.
வெட்கத்தால் இல்லை,
உள்பக்கத்தை விட்டுவிட்டான்.

நவம்பரில் எங்கள் ஊர்க் காற்று
ஆளைத் தூக்கும்.
தெருமுனைகளில் கயிறு கட்டிவைப்பார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
பிடிக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?
நான் கயிற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.
கயிறு அசையவில்லை.
நான் அதன்மேல் நகர்ந்து நகர்ந்து
ரொட்டிக் கடைவரை போனேன்.

திரும்பி வருகையில்தான் தோன்றியது.

முழங்கை இரண்டும் பேசினில் ஊன்றி,
பச்சைப் பிடியை இரு உள்ளங்கைக்கு நடுவே
கும்பிடுவதுபோல் இடுக்கி,
பிரஷை நிற்கவைத்தேன். அது கயிறு.
தலையை ஆட்டினேன்.
கடைவாய்க்கு: இல்லை, இல்லை, இல்லை.
முன்பற்களுக்கு: ஆமாம், ஆமாம்.
உள்பக்கத்துக்குத் தோளோடு சாய்ந்து
ஒரு மாதிரி, பார்க்கலாம், பார்க்கலாம்.

கதவருகே நொல்பெர்தோ.
யாரிடம் இவ்வளவு மறுக்கிறாய்?
வாய் நிறைய நுரை.
நான் ஆட்டியதில் எது தனக்கான பதிலோ
அவனே எடுத்துக்கொள்ளட்டும்.

துப்பிவிட்டு நாக்கால் தடவினேன்,
கீழே, இடது, கடைசி.
வழுவழுவென்று இருந்தது,
ஆள் வந்துபோன வீடு.

கழுத்து கொஞ்சம் வலிக்கிறது, அது வேறு கணக்கு.
பல்லிடுக்கு நூலைப் பற்றி மட்டும்
தயவுசெய்து
இந்தக் குளிர்காலம் முடியும்வரை
யாரும் கேட்காதீர்கள்.