மைனஸ் நாற்பத்தெட்டு

பள்ளத்தூரில் வரவேற்புக்கு மூன்று மணி நேரம் இருந்தது.
வலப்பக்க வால்வு ஒன்றின் தகடு
சூளை வாய்போலச் சிவந்து
ஃபியூஸோடு போனது.

ஸ்டீரியோ ஆம்ப்.
இடத்துக்கு ஒரு ஜோடி, வலத்துக்கு ஒரு ஜோடி,
நாலும் இஎல் 34.
கிட்டார் ஞானராஜுடையது. தவணையும் அவனுடையது.
சென்னைக்குப் போன் போட்டான்.
நாளை மதியம் பார்சல் வருமாம்.
நாளை மதியம்
வாடகை நாற்காலிகள் லாரி ஏறிக்கொண்டிருக்கும்.

காரைக்குடிக்கு வண்டியை விரட்டினேன்.
முனீஸ்வரன் கோவில் தெரு, கமருதீன் கடை.
தேக்கு அலமாரிக்கும் எனாமல் தூக்குகளுக்கும் நடுவே
ஒரு பிஸ்கட் டின்னில்
டூரிங் டாக்கீஸ் ஒலிப்பெட்டியிலிருந்து கழற்றிய
6எல்6 இரண்டு.
முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தேன்.
எண்ணுக்குப் பின்னால் ஜிசி என்று தேய்ந்த வெள்ளை.
அந்த ஒட்டு இல்லாவிட்டால்
நானூற்று முப்பது வோல்ட்டில்
அவற்றைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்க மாட்டேன்.

'எவ்வளவு பாய்?'
'எரிந்தால் ஐயாயிரம். எரியாவிட்டால்
கண்ணாடி விலை.'

'வேற ஜாதி வால்வைக் கலந்து போடலாமா?'
என்று கேட்ட ஞானராஜ்
சுற்றிலும் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.
மாப்பிள்ளை யார், எந்த ஊர் என்பதைத்
தெருவே மூன்று மாதமாக மென்றுகொண்டிருந்தது.

நான் மல்ட்டிமீட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:
பக்கத்துக்குப் பக்கம் வேறாக இருக்கலாம்,
தனித்தனி டிரான்ஸ்ஃபார்மர்,
தனித்தனி பயாஸ் திருகு, இதில் இரண்டும் இருக்கிறது.
ஒரே ஜோடிக்குள்தான் கலக்கக் கூடாது.
ஒன்று இழுக்கும், மற்றது தூங்கும்.

பெண்ணின் அண்ணன் சாத்தப்பன்
பின்னால் நின்றது எனக்கெப்படித் தெரியும்?
'படித்தவங்க நீங்களே சொல்றீங்க பாருங்க' என்றார்.
'ஜோடிக்குள்ள கலக்கக் கூடாது.'

வால்வுக்குச் சொன்னேன் என்றேன்.
டார்ச்சைப் பிடிக்கிறீர்களா, இங்கே இருட்டு.

பிடித்தார்.

கெப்பாசிட்டர்களை இறக்கி, ஒருமுறை அளந்து,
நம்பாமல் இன்னொரு முறை அளந்தேன்.
ஒன்றாம் காலும் எட்டாம் காலும் முன்பே இணைந்திருந்தன;
6எல்6க்கு அது தேவையில்லை, தொந்தரவும் இல்லை.
வால்வுகளைச் செருகி, கரண்ட் கொடுத்து,
இடக்கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு
வலக்கையால் மட்டும் திருகினேன்.
இந்தப் பக்கம் மைனஸ் முப்பத்தாறு கேட்டது.
அந்தப் பக்கம் அதே அளவைக் கொடுத்தால்
எரிந்துபோகும்.
நாற்பத்தைந்து. நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு.
இப்போது இரண்டு பக்கமும் வால்வுக்கு
முப்பத்தைந்து மில்லி ஆம்பியர்.

'வேற வேற நம்பர் வைக்கிறீங்க' என்றார்,
டார்ச் ஆடாமல்.
'ஓட்டம் ஒண்ணா இருக்கே' என்றார் மறுபடியும்,
கேள்வியா என்று தெரியாத குரலில்.
நான் பதில் சொல்லவில்லை. வாயில் திருப்புளி இருந்தது.

ஏழரை மணிக்கு ஞானராஜ் முதல் நரம்பைத் தொட்டான்.
இடத்தில் கொஞ்சம் கரகரப்பு,
பச்சை மிளகைக் கடித்ததுபோல் நடுவில் ஒரு உறைப்பு.
வலத்தில் அடி அகலம், மேலே கண்ணாடி.
டிலேயைப் போட்டதும் ஒரே சுரம்
இங்கே சண்டையாகக் கிளம்பி
அங்கே சமாதானமாக விழுந்தது.
முட்டைச் சுண்ணாம்புச் சுவர் எதையும் குடிக்கவில்லை,
எல்லாவற்றையும் வளவுக்கே திருப்பிக் கொடுத்தது.

இடத்தூணோரம் பெண் வீட்டார். வலத்தூணோரம் மாப்பிள்ளை வீட்டார்.
பாதிப் பாதியாகத்தான் கேட்டிருப்பார்கள்.
முழுதாகக் கேட்டது
நடு வளவில் பலூனுக்கு ஓடிய பிள்ளைகளும்
வீடியோக்காரரும்.

எட்டேகாலுக்கு வோல்ட்டேஜ் இறங்கியது.
நாலு வால்வும் சேர்ந்தே மங்கின.
ஹீட்டருக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே சுருள்.
ஜெனரேட்டர் இருமி, பிடித்து,
சேர்ந்தே வெளிச்சமாயின.

சாத்தப்பன் எங்கே என்று தேடினேன்.
வலப்பக்க ஸ்பீக்கரடியில் கைகட்டி நின்றார்.
முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

இரண்டாம் பந்தியில் கமருதீன் பாய்.
யார் அழைத்தார்களோ தெரியாது.
பால்பணியாரத்திலிருந்து தலையைத் தூக்கி
ஆம்ப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
விரல் ஐந்தையும்
விரித்துக் காட்டினார்.