கடைவாய்

மூன்றாவது நாளாக விமானம் இல்லை.
ரேக்யாவிக்கில் மாட்டிக்கொண்ட ஹ்ரெப்னா
தொலைபேசியில் கேட்கிறாள்: தூங்கிவிட்டாளா?
தூங்கிவிட்டாள் என்கிறேன்.
அதே நொடியில் என் தோளில்
இரண்டாம் சுற்றைத் தொடங்குகிறாள் உக்லா.
பொய்யும் அழுகையும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

முதல் பல்லுக்கு என்ன கொண்டாட்டம்!
பல் பணம் என்று எங்கள் பக்கம் ஒரு வழக்கம்.
என் அண்ணன் ஓர் ஆட்டுக்குட்டியே கொடுத்தான்.
காதில் மஞ்சள் வில்லையோடு
அது இப்போது அவன் கொட்டகையில் கொழுத்து நிற்கிறது.
கடைவாய்ப் பல்லுக்கு யாரும் எதுவும் தருவதில்லை.
அகலமாக, நான்கு முனைகளோடு,
அவசரமே இல்லாமல்
உள்ளிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது அது.

உறைபெட்டியில் வைத்த ரப்பர் வளையம்
சுவரில் மோதி சோபாவுக்கு அடியில் போனது.
குளிர்ந்த கரண்டி என் மூக்கில் பட்டது.
அடுத்த வேளை மருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.
கடிகாரத்தைக் காட்டி அவளிடம் சொல்கிறேன்,
பதினாறு மாதக்காரிக்கு
இரண்டு மணி நேரம் என்றால் என்னவென்று தெரிந்தது மாதிரி.

சுண்டுவிரலைச் சோப்புப் போட்டுக் கழுவி
ஈறில் வைத்தேன்.
இருபது வருடம் தூண்டில்களில் இரை கோத்த விரல்,
இதற்கு இனி எதுவும் உறைக்காது என்றிருந்தேன்.
கடித்தாள்.
கத்தியது நான்.
என்ஜின் அறைக் குழாயைத் தொட்டது போல் ஈறு சுட்டது.
அதன் அடியில்
கடல் வற்றும்போது படகின் அடி தட்டுகிற பாறை மாதிரி
ஏதோ ஒன்று.

மேல்தளத்தில் யாரோ தரையைத் தட்டினார்கள்.
போக்னாதான், போலந்துக்காரி.
ஐந்து மணிக்கு மீன் ஆலையில் வேலை அவளுக்கு.
மன்னிப்புக் கேட்கக் கதவைத் திறந்தால்
இரவு அங்கியும் ரப்பர் பூட்ஸுமாக அவளே நிற்கிறாள்.
"திட்டுவதற்காகத் தட்டவில்லை.
நானும் விழித்திருக்கிறேன் என்று சொல்லத்தான்."
சாமந்தித் தேநீரில் நனைத்து உறைய வைத்த துணி முடிச்சு ஒன்றை
என் கையில் திணித்துவிட்டுப் படியேறினாள்.
அதுவும் சோபாவுக்கு அடியில் போனது.
ஆனாலும் அவள் மேலே நடக்கிற சத்தம் கேட்டது,
நான் நடக்கிற பக்கமாகவே.

யாரிடமும் சொல்லாத ஒன்று:
செப்டம்பரிலிருந்து என் இடது கடைவாயில் ஒரு குழி.
பல் மருத்துவர் மாதத்தில் ஒருநாள் வருவார்.
அன்று நான் கடலில் இருப்பேன்,
இருக்கும்படி பார்த்துக்கொள்வேன்.
கெட்டியான ஆளைக் கடைவாய்ப்பல் என்றே
கூப்பிடுவோம் படகில்.
எனக்கும் அந்தப் பெயர் உண்டு.
எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கு என்கிறார்கள்,
சரி.
பல்லே வலித்தால் எதைக் கடித்துக்கொள்வது?
கிராம்பை அடக்கிக்கொண்டு நடந்தேன்,
ஜன்னலிலிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து ஜன்னலுக்கு.
வெளியே மலையும் இல்லை வானமும் இல்லை,
பனி மட்டும் குறுக்காகப் பறந்துகொண்டிருந்தது.

கடைசியில் கருவாடுதான்.
போன கோடையில் காற்றில் காய்ந்து
மரப்பட்டையாய் விறைத்த மீன்.
தோலோடு ஒரு நீளத் துண்டு,
ஒரு முனை என் பிடியில், மறுமுனை அவள் வாயில்.
முதலில் முகம் சுளித்தாள்.
பிறகு கண்ணை மூடி அரைக்க ஆரம்பித்தாள்,
கணக்கு முடிக்கிற குமாஸ்தாவின் கவனத்தோடு.
எச்சில் என் கழுத்து வழியாகப் பனியனுக்குள் இறங்கியது.
வீட்டில் காற்றின் சத்தம் அப்போதுதான் கேட்டது.
மேலே நடை நின்றது.

உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும்
எனக்கு விண்ணென்று தெறித்தது.
கன்னத்தில் கையை வைத்தேன் போலிருக்கிறது.
மெல்வதை நிறுத்தினாள்.
என் கையைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள்.
"ஆவ்?" என்றாள்.
ஆமாம், ஆவ்.

ஊறி மெத்தென்று ஆகியிருந்த துண்டை
வாயிலிருந்து எடுத்து
என் உதட்டைத் திறந்து உள்ளே தள்ளினாள்,
சரியாக இடது பக்கம்.
நாக்கால் வலதுக்கு ஒதுக்கிக் கடித்தேன்.
மீனும் பாலும் தூக்கமும் கலந்த ருசி.

அழுகிறேனா என்று
முகத்தருகே வந்து உற்றுப் பார்த்தாள்.
இன்னும் இல்லை.