'ர' இல்லாத மாதங்கள்

சுவாவ்கியில் பனி. அடுப்பில் உருளைக்கிழங்கு.
மணப்பெண்ணின் அப்பா ஜெனோன் தொலைபேசியில் கேட்டார்:
"ஒரு பொத்தானை அமுக்க
ஆறாயிரம் ஸ்லோட்டியா, போக்னா?"

அமுக்குவதற்கு நான் காசு வாங்குவதில்லை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
பானை பொங்கிவிட்டது.
பிறகு கூப்பிடுகிறேன் என்றேன்.

பெயரில் 'ர' உள்ள மாதத்தில்தான்
இங்கே மோதிரம் மாற்றுவார்கள்.
ஜனவரிக்கு எங்கள் பேச்சில் ஸ்டிச்சென் என்று பெயர்.
எழுத்தெழுத்தாய்த் தேடினாலும் 'ர' கிடையாது.
காப்பீட்டுத் தவணைக்கு அது தேவைப்படுவதில்லை.
கணக்கருக்கும், காரின் பனிச் சக்கரங்களுக்கும்,
என் இடது கடைவாய்ப் பல்லுக்கும் தேவைப்படுவதில்லை.

போன செப்டம்பர்.
தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் ஒரு கல்யாணம்.
வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு
உள்ளே காகிதப் பூ தொங்கவிட்டிருந்தார்கள்.
அவசர வழியைக் காட்டும் பச்சை விளக்கு மட்டும்
யார் சொல்லியும் அணையவில்லை.
யகோடாவின் கன்னத்தில் பச்சை.
அவள் மாமியாரின் நெற்றியில் பச்சை.
கேக்கில்கூட.

நூற்றுப் பன்னிரண்டு படங்களில்
அந்தப் பச்சையைத் துடைத்தேன்.
பதினோரு இரவுகள்.
ஆல்பத்தைப் புரட்டிய யகோடா சொன்னாள்:
"அந்தக் கூடத்தில் வெளிச்சம் எவ்வளவு அழகு!"
ஆமாம் என்றேன்.
வேறென்ன சொல்வது?
நான் ஒழுங்காக வேலை செய்தால்
வேலை செய்ததே தெரியாது.

தோளில் இரண்டு கேமராக்கள்.
ஒன்று படமெடுக்க.
மற்றது சும்மா இருக்க.
சும்மா இருப்பதற்கும் அதே விலைதான் கேட்டான் கடைக்காரன்.
படங்கள் மூன்று இடங்களில்:
மேசையில் ஒன்று, அலமாரியில் ஒன்று.
மூன்றாவது வட்டு அவ்குஸ்டூவில், அக்கா ஹால்ஷ்காவின் வீட்டில்,
மாவு டப்பாவுக்குப் பின்னால்.
என் வீடு எரிந்தாலும்
உங்கள் முத்தம் எரியாது ஜெனோன்.
இதை எந்தத் தலைப்பில் கணக்கெழுதுவது?

நள்ளிரவில் மணப்பெண்ணின் முக்காட்டை எடுப்பார்கள்.
அதுவரை மண்டியிட்டும் நாற்காலி ஏறியும்
அழும் சித்தப்பாக்களுக்குக் குறுக்கே புகுந்தும் நான்.
அதற்குப் பின்தான் சமையலறை நடைவழியில்,
டிரம்ஸ்காரனோடு நின்றுகொண்டே,
கொழுப்பு உறைந்த கோழி சூப்.

விடிகாலை நாலு மணிக்குத் திரும்பும்போது
சாலை நடுவே ஒரு காட்டெருது அளவுக்கு
கடமான் நின்றது.
விளக்கை அணைத்தேன். அது அசையவில்லை.
நெடுநேரம் மூச்சை மட்டும் புகையாக விட்டது.
இரண்டு கேமராவும் பின்சீட்டில் இருந்தன.
எடுக்கவில்லை.
வருஷத்தில் அந்த ஒன்றைத்தான்
எனக்கென்று பார்த்தேன்.

சாயங்காலம் ஜெனோனைக் கூப்பிட்டேன்.
சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதியிருந்தேன்.
உருளைக்கிழங்கின் ஈரம் பட்டுப் பாதி அழிந்திருந்தது.
"குறைக்கலாம்," என்றேன்,
"எந்த மணி நேரத்தை விட்டுவிடட்டும்?"

அவர் யோசித்தார். தேவாலயம் என்றார்.
உடனே வேண்டாம் என்றார்.
இரண்டாம் நாள் விருந்து என்றார்.
தன் அண்ணன் அதற்குத்தான் நார்வேயிலிருந்து வருகிறார்
என்று அவரே சொல்லி அவரே நிறுத்தினார்.
பின்னால் யாரோ தட்டுகளை எண்ணுவது கேட்டது.

"நீங்கள் எங்களோடு சாப்பிடுவீர்கள்தானே?" என்றார் திடீரென்று.
"சூப், பன்றி வறுவல், கேக்.
இருநூறு ஸ்லோட்டி பெறும்.
அதைக் கழித்துக்கொள்ளுங்கள்."

சிரித்துவிட்டேன்.
எட்டு வருஷத்தில்
என் தட்டையும் சேர்த்து எண்ணிய முதல் ஆள்,
அதுவும் பேரம் பேசுவதற்காக.

ஒப்பந்தத்தைத் திருத்தி அனுப்பினேன்.
ஐயாயிரத்து எண்ணூறு.
அதற்குக் கீழே,
வழக்கறிஞர் எழுதித் தந்த பதினான்கு விதிகளுக்கு அடியில்,
என் கையால் பதினைந்தாவது:

கோழி சூப், ஒரு கிண்ணம்.
முக்காடு எடுப்பதற்கு முன்.
சூடாக.
உட்கார நாற்காலி.