நாற்பத்தொரு துகள்

திருநெல்வேலியில், பலாலி வீதிக்குப் பின்னால்,
மருந்துக்கடையின் மேல்மாடியில் வாடகை அறை.
இரவு இரண்டே கால்.
நுளம்புத்திரி பாதி எரிந்துவிட்டது.
மூன்று மாதமாய்ப் படுத்துக் கிடந்த கோடு
மடிக்கணினியில் எழும்பி நிற்கிறது.

தூரத்து விண்மீன் மண்டலம் ஒன்று. பெயரில்லை, எண் மட்டும்.
நடுவில், நூறு கோடிச் சூரியன்களின் எடையில்
ஒரு கருந்துளை.
விழுங்காமல் மிஞ்சியதை
இரண்டு பக்கமும் பீச்சியடிக்கிறது.
அதில் ஒரு பீச்சல் நேரே எங்கள் பக்கம்.
துவக்கின் வாய்க்குள் பார்ப்பதுபோல, என்று
வகுப்பில் சொல்ல வாயெடுத்து
தோட்டத்துக் குழாய், தண்ணீர், என்று மாற்றினேன்.
பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

ஒரு நாளைக்கு மூன்று துகள், மிஞ்சினால் நான்கு.
நேற்றுப் பின்னேரம் தொடங்கி
ஆறு மணித்தியாலத்தில் நாற்பத்தொன்று.
செய்மதி பிடித்தது அவ்வளவுதான்.
தன் மண்டலத்தின் நட்சத்திரங்களையெல்லாம் மங்கவைத்த ஒளி
எண்ணி முடிக்கக்கூடிய அளவில்
வந்து சேர்ந்திருக்கிறது.
எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன்.
ஒன்று வேறெங்கிருந்தோ வந்ததாய் இருக்கலாம்.
நாற்பது என்று எழுத மனமில்லை.

ஆறு மணித்தியாலத்தில் கூடிவிட்டதென்றால்
கூடிய இடம்
ஒளி ஆறு மணித்தியாலம் ஓடும் தூரத்தைவிடப் பெரிதாய் இருக்க ஏலாது.
புத்தகத்தில் இந்தக் கணக்கை முதலில் கண்டபோது
எங்கேயோ செய்து பார்த்ததுபோல் இருந்தது.
கொடிகாமம், இரண்டாயிரமாம் ஆண்டு.
பங்கருக்குள் அக்கா வாய்விட்டு எண்ணுவா,
வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில்.
மூன்று என்றால் ஒரு கிலோமீற்றர்.
முப்பது என்றால் தேத்தண்ணி வைக்கலாம்.

இதில் எண்ணுவதற்கு நடுவென்று ஒன்றில்லை.
முந்திவரும் செய்தி கிடையாது,
பிந்திவரும் சத்தமும் கிடையாது.
அது புறப்பட்ட நேரம்
அக்கா இல்லை, கொடிகாமம் இல்லை,
பூமியென்ற கல்லே இன்னும் திரளவில்லை.
ஆரையும் குறிவைத்து வரவில்லை அது.
இதை நான் எனக்கே
பலதடவை சொல்லவேண்டியிருக்கிறது.

கரண்ட் நின்றது.

மொட்டைமாடிக்கு ஏறினேன்.
சித்திரை நட்சத்திரம் மேற்கே சரிந்திருந்தது,
அதற்குக் கொஞ்சம் தள்ளி என் எண்.
ஒன்றும் மாறவில்லை.
காற்றின் உச்சியிலேயே உடைந்துபோகிற ஒளி,
கண்வரைக்கும் வராது.
பரா வெளிச்சம் அப்படியில்லை.
முற்றமெல்லாம் மஞ்சளாய் இறங்கும்,
விடிந்ததென்று கோழிகள் ஏமாந்து கூவும்.

கீழே தவபாலன் அண்ணை
டோர்ச்சைப் பல்லால் கவ்வியபடி
மோட்டார்சைக்கிளில் தேசிக்காய் மூட்டை கட்டுகிறார்,
சந்தைக்கு.
டோர்ச்சைக் கையில் எடுத்தார்.
“என்ன பிள்ளை, மேலை என்ன?”
“ஒண்டுமில்லை அண்ணை.”
“ஒண்டுமில்லாததையோ இந்தச் சாமத்திலை பாக்கிறியள்?”
ஒரு காய் நழுவி மதிலடிக்கு உருண்டது.
அவர் அதைத் தேடி எடுத்துத் துடைத்து
மூட்டைக்குள் திரும்ப வைக்கும்வரை
பார்த்துக்கொண்டு நின்றேன்.

கரண்ட் வந்ததும் மின்னஞ்சல் எழுதினேன்:
நாற்பத்தொன்று. ஒன்றில் சந்தேகம்.
மற்றத் தொலைநோக்கிகளும்
தயவுசெய்து இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவும்.

பன்னிரண்டாவது நிமிடம் நமீபியாவிலிருந்து பதில்.
கண்ணாடியைத் திருப்பிவிட்டோம்.

கேட்டவுடன் திரும்புவார்கள் என்பது
எனக்கு இன்னும் பழகவில்லை.