முழுப் பேர்

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்,
மீன்கடைக்கு மேல்மாடி.
படி ஏறும்போதே கேட்கும் இங்கிலாந்து.
அங்கேயும் மழை.
சுவரில் தொங்கும் பெட்டிக்குள்
குடை பிடித்த வெள்ளைக்காரர்கள், நனைந்த புல்.
அந்தப் பச்சையைப் பார்த்தால்
எத்தனை கிலோ என்று கேட்கத்தான் எனக்கு வாய் வரும்.

புக்கியில் துண்டு எழுதும் லலித்துக்கு
என் பெயர் தெரியாது.
'நூறு ரூபா அய்யா' என்பான்.
குதிரைப் பெயர்களை அவன்தான் உடைத்துச் சொல்வான்:
இது ராணியின் மூக்குத்தி,
இது நடுராத்திரித் தையல்காரன்.

ஆறு மணிக்கு ஃபாக்டரி.
வாட்டத் தட்டில் கொழுந்தைப் பரப்பிவிட்டு
மின்விசிறி இரையும் பக்கம் சாய்ந்து நிற்பேன்.
இரவு வேலைக்காரனுக்குப் பகல்கனவும்
ராத்திரியில்தான்.

கணக்கு இதுதான்:
நாளைக்கு ஒரு குதிரை. ஒன்றே ஒன்று.
கோடி வேண்டாம், கொழும்பில் வீடு வேண்டாம்,
ஆயிரத்து முந்நூற்றைம்பது
ஓடித் தந்தால் போதும்.
மாசம் இருபத்தைந்து நாள்.
போயாவுக்கு ஓடினால் ஒன்றரைப் பேர்.
நான் பிந்தி எழும்புவேன்
(இங்கிலாந்து விடிய நமக்கு மத்தியானம்),
துவாயை உதறித் தோளில் போட்டு
பெரட்டுக் களத்தின் நடுவாலேயே போவேன்.
'எங்கடா?' என்று கணக்கப்பிள்ளை கேட்பார்.
'வேலைக்கு.'

யோகராணியிடம் சொன்னேன், கனவுக்குள்ளேயே:
நாளையிலிருந்து நீ மலைக்குப் போக வேண்டாம்.
அவள் கூடையை இறக்காமல் கேட்டாள்:
'ஈ.பி.எஃப். யார் கட்டுவது?'
சரி என்று அதையும் குதிரையின் காசில் கழித்தேன்.

இப்படி நன்றாகத்தான் போனது.
ஒரு நாள் அது இரண்டாவதாக வந்தது.
கை தானாக எழுதியது: அரைப் பேர்.
அடுத்த நாள் பின்னங்காலை இழுத்தது.
கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன்:
'என்ன ஆடி அசைஞ்சு வார?
பொழுது உங்க அப்பன் வீட்டுதா?'
சொல்லி முடித்த பிறகுதான்
யாருடைய குரல் என்று விளங்கியது.
பதினோராம் நம்பர் மலையில்
என் அம்மாவின் முதுகுக்குப் பின்னால்
நின்ற குரல்.

விசிறியை நிறுத்தாமல்
கொழுந்தை ஒருமுறை புரட்டிவிட்டு வந்தேன்.

நிஜக் குதிரையை ஒரு தடவைதான் தொட்டிருக்கிறேன்.
ஏப்ரல், நுவரெலியா, வாவிக் கரை.
மகளை ஏற்றி அரைச்சுற்றுக்கு முந்நூறு.
வாலெல்லாம் ஒட்டுப்புல்.
கயிறு பிடித்தவன் சொன்னான்,
இது ஒருகாலம் கோப்பை எடுத்தது என்று.
எல்லாக் குதிரைக்கும் அப்படித்தான் சொல்வானோ என்னவோ.
கழுத்தில் கை வைத்தேன். சூடு.
நனைந்த சாக்கின் வாசம்.
அது என் சட்டையை முகர்ந்தது,
தேயிலைத் தூள் ஏறித் தும்மியது.
மகள் இறங்க மாட்டேன் என்று அழுதாள்.

இன்றைய துண்டு மேல்ப் பாக்கெட்டில் இருக்கிறது.
நடுராத்திரித் தையல்காரன், நூறு ரூபா,
நம் நேரத்துக்கு ராத்திரி ஒரு மணி ரேஸ்.
புக்கி இறங்கிப் பார்க்க விடிய வேண்டும்.
அதுவரைக்கும் அது தோற்கவில்லை.
மூன்று மணி ஆகிறது.
இன்னும் ஓடுகிறது, மழையில்.
யாராவது தண்ணி காட்டினார்களோ
தெரியவில்லை.