கோல்தான்

கூத்தாநல்லூர் செவன்ஸ். அரையிறுதி.
நாலு நிமிடம் பாக்கி.
ஹிதாயத்துல்லா அடித்த பந்து
மேல்கம்பத்தின் அடிவயிற்றில் பட்டு
கோட்டுக்கு அந்தப்புறம் குத்தி
வெளியே துள்ளியது.

வலைக்கு நேர் பின்னால் நான்,
கையில் பாதி கடித்த சமோசா.
ரெஃபரி இரண்டு கையையும் விரித்தார்,
ஆடு, ஆடு என்று.

கோடா?
காலையில் போட்ட சுண்ணாம்பில் பாதியை
மத்தியானத் தூறல் குடித்துவிட்டது.
மீதி, கோல்கீப்பரின் பூட்ஸில்.

"நீடாமங்கலம் கேட்டு மாதிரி
வர்ற நேரம் பாத்து மூடுறான்யா!"
பனைமரத்தடியிலிருந்து ஒருவர்.
இன்னொருவர் அவர் அம்மாவை இழுத்தார்.
நானும் கத்தினேன்.
என்ன கத்தினேன் என்பதை எழுதுவதற்கில்லை.
தண்ணீருக்கே தீர்ப்பு கேட்டு
மேட்டூரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஊர்;
அந்தக் கோபமும் கொஞ்சம்
அந்த மனுஷன் தலையில்தான் விழுந்திருக்கும்.

ஒன்றுக்குப் பூஜ்யம். தோற்றோம்.

மன்னார்குடி பஸ்ஸுக்கு நின்றிருந்தார்,
சேறு காயாத காலுறையோடு,
விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு.
நேரே போனேன்.
"சார், அது கோல்தானே?"

"எனக்கும் பந்துக்கும் நடுவுல
அஞ்சு பேர் தம்பி. பாக்கல.
பாக்காததை எப்படிக் குடுப்பேன்?"

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.
சில்லறை இல்லையா என்று கண்டக்டர்
அவரைத் திட்டுவது தெருவரை கேட்டது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.
ரோட்டின் வெள்ளைக் கோட்டில்
ஒரு கூழாங்கல்லை உதைத்துப் பார்த்தேன்.

முழுசாகத் தாண்டியிருந்தது.