நூற்றைம்பத்து நாலு

பொரளைச் சந்தியில் ஏறும்போதே தொடங்கிவிட்டாள்.
ஊசி போட்ட தொடை இன்னும் சூடு.
மழைக்குச் சாத்திய கண்ணாடிகளில்
அறுபது பேரின் மூச்சு.
குரல் வெளியே போக வழியில்லாமல்
திரும்பத் திரும்ப எங்களிடமே வந்தது.

பிரதாபன் கிலுக்கை ஆட்டினான்,
பிறகு திறப்புக் கோர்வையை,
பிறகு தன் மூக்குக்கண்ணாடியை.
அலுவலகத்தில் முப்பது பேரை மேய்க்கிறவன்
நாலு மாதக்காரியிடம் கெஞ்சினான்,
அதுவும் மெதுவாக,
தமிழ் வெளியே கேட்காதபடி.

அந்தப் பழக்கம் எங்கள் இருவருக்கும் உண்டு.
பஸ்ஸில் போன் அடித்தால்
"பிறகு எடுக்கிறன்" என்று வாய்க்குள் சொல்லி வைப்போம்.
ஆரபிக்கு இன்னும் பழகவில்லை.
எந்த மொழியில் அழுகிறோம் என்று தெரியாமல்
தொண்டை திறந்து அழுதாள்.

முன் ஆசனத்துக்காரர் ஒருமுறை திரும்பினார்.
இரண்டாம் முறை திரும்பவில்லை,
அவருடைய பிடரி மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.
"பபாட்ட படகினித?" என்றாள் ஒருத்தி.
பசியில்லை என்று தலையாட்டினேன்.
"காத்தாக்கும், தோள்ல போடுங்க மகள்"
பின்னாலிருந்து ஒரு மருதானைக் குரல்.
தோளில் போட்டேன். தோளிலும் அழுதாள்.
கொண்டக்டர் பாட்டை நிறுத்தினார்.
உதவியென்றுதான் செய்தார்.
இப்போது பஸ் முழுக்க அவள் மட்டும்.

பள்ளிச் சீருடைப் பொடியன் ஒருவன்
இரண்டு காதையும் பொத்திக்கொண்டு
என்னைப் பார்த்துச் சிரித்தான்.
அந்த பஸ்ஸிலேயே நேர்மையான முகம் அதுதான்.

தும்முல்லையில் அவளைக் கண்டேன்.
கம்பியைப் பிடித்து நின்றாள்.
வெளிர்நீலச் சேலை, கழுத்தில் வங்கி அட்டை.
ஒன்றும் சொல்லவில்லை.
கோப்பு ஒன்றை நெஞ்சோடு அமத்தியபடி
எங்களைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாள்.
கோபம் என்று நினைத்தேன்.
மன்னிப்புக் கேட்க
எனக்குத் தெரிந்த சிங்களத்தை
நாவில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பஸ் பிறேக் போட்டது.
கோப்பு நழுவியது.
சேலைக்குக் கீழே, பிளவுஸில்,
இரண்டு ஈர வட்டங்கள்.

என் பிள்ளை கூப்பிட
அவளுக்குச் சுரந்திருந்தது.

நான் கண்டதை அவளும் கண்டாள்.
தோளில் கிடந்த துவாயை இழுத்து நீட்டினேன்.
கொஞ்சம் பால் நாறும், பரவாயில்லை
என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.
வாங்கிக் கோப்புக்கு உள்ளே செருகினாள்.
நாலு விரல் காட்டினேன்.
அவள் மூன்று காட்டி,
வீடு தொலைவு என்பதுபோல்
பஸ் போகும் பக்கத்துக்கு எதிரே கையை வீசினாள்.

பம்பலப்பிட்டியில் இறங்கிப் போனாள், துவாயோடு.

"துவாய் எங்க?" என்றான் பிரதாபன்.
"குடுத்திட்டன்."
"ஆருக்கு?"
பெயர் கேட்கவில்லையே.

ஆரபி நிறுத்தவில்லை.
வெள்ளவத்தைக்கு இன்னும் மூன்று தரிப்பு.
"சரியம்மா, சரி, என்ர ராசாத்தி, அழு" என்றேன்,
கடைசி ஆசனம்வரை கேட்கும்படி.

பிடரி அசையவில்லை.